எவ்வளவு அறுக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் சிறிய கட்டி; புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்கிறார் மருத்துவர். உறவினர்களோ, "முழுவதையும் எடுக்கச் சொல், வேரோடு போகட்டும்" என்கிறார்கள். அம்மாவும் அதையே சொல்கிறார். பாதி வேலை பார்த்து அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. மருத்துவ வரலாறு எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும். அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் 'பாதி வேலை' என்ற சொல்லைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் பெரியம்மாவுக்கு 1970களில் அறுவை நடந்தது. மார்பு, அதன் அடியிலிருந்த தசை, அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) எல்லாவற்றையும் எடுத்தார்கள். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி, ரவிக்கைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொள்வார். அந்தப் பக்கத்துக் கை வீங்கிப்போய் வளையல் ஏறாது. அந்தக் கையால் அவர் ஒரு குடம் தூக்கி நான் பார்த்ததில்லை.

அது அன்றைய மருத்துவர்களின் கொடுமை அல்ல. அவர்கள் கற்ற பாடம் அது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்து, 1894இல் எழுதி வெளியிட்ட முறை. புற்று ஓரிடத்தில் தொடங்கி வரிசையாகப் பரவும், நெறிகள் அதைத் தடுத்து நிறுத்தும், ஆகவே சுற்றிலும் அகலமாக அறுத்தால் பிழைக்கலாம் என்று அவர் நம்பினார். உங்கள் உறவினர்கள் சொல்லும் 'வேரோடு' இதுவேதான்.

பிட்ஸ்பர்க்கில் பிறந்து, அங்கேயே பணியாற்றிய பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் இதைச் சந்தேகித்தார். நோயியல் மருத்துவரான தம்பி எட்வினோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனை 1959இல் வெளியானது. எலிகளின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் வெறும் 50 புற்றணுக்களைச் செலுத்தினார்கள். ஐந்து மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் கட்டி எதுவும் இல்லை. ஆனால் வயிற்றைத் திரும்பத் திரும்பத் திறந்து கல்லீரலைத் தொட்டுப் பார்த்த எலிகளுக்குக் கட்டிகள் முளைத்தன. அணுக்கள் அங்கே உறங்கிக் கிடந்திருக்கின்றன! கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே புற்றணுக்கள் ரத்தத்தோடு கலந்து போயிருக்கக் கூடுமென்றால், அகலமாக அறுத்து என்ன பயன்?

எலியை வைத்து மனிதருக்கு முடிவு சொல்லிவிட அவர் விரும்பவில்லை. அவர் தலைமையில் 1971இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அக்குளில் நெறி தட்டுப்படாத பெண்களைக் குலுக்கல் போல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை. இரண்டாவதற்கு மார்பை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. மூன்றாவதற்கு மார்பை மட்டும் எடுத்து, நெறிகளை விட்டுவிட்டார்கள். பின்னால் வளர்ந்தால் அப்போது எடுப்பது. முதல் பிரிவில் வெட்டியெடுத்த நெறிகளைச் சோதித்தபோது, 100 பேரில் ஏறத்தாழ 40 பேருக்குப் புற்று இருந்தது. அப்படியானால் மூன்றாவது பிரிவிலும் ஏறக்குறைய அத்தனை பேருக்கு அது உள்ளேயே விடப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் 25 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உயிர்பிழைத்திருப்பதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இதை முதன்முதல் படித்த அன்று நான் பெரியம்மாவின் கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆய்வு 1976இல். கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பு முழுவதையும் எடுப்பதா? தங்கள் நோயாளிகளைச் சேர்க்க மருத்துவர்களே தயங்கினார்கள். தன் உடம்பில் எந்தச் சிகிச்சை நடக்கும் என்பதைக் குலுக்கலுக்கு விடச் சம்மதித்த அந்தப் பெண்களின் துணிச்சல் எனக்கு ஃபிஷரின் துணிச்சலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 2002இல் 1,851 பெண்களின் 20 ஆண்டுக் கணக்கு வெளியானது: கட்டியை மட்டும் எடுத்தவர்களும் முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடிருந்தார்கள்.

இடையில் 1994இல் ஒரு புயல். இந்த ஆய்வில் பங்கேற்ற, கனடாவின் மாண்ட்ரியல் நகர மருத்துவர் ஒருவர், தகுதியில்லாத நோயாளிகளைச் சேர்க்கத் தரவுகளைத் திருத்தியிருந்தது செய்தியானது. ஃபிஷரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அந்தத் தரவுகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. 1997இல் ஃபிஷர் மீது குற்றமில்லை என்று அறிவிக்கப்பட்டது. 2019இல் 101 வயதில் காலமானார்.

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கு நடக்கப்போவது முழு வேலைதான். ஒன்றே ஒன்று: 1976இல் தொடங்கிய அதே ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 14 பேருக்கு. எனவே கதிர்வீச்சும் அந்தச் சிகிச்சையின் பாதி. அலைச்சல் அதிகம், தோல் எரிகிறது என்று அம்மா நடுவில் நிறுத்தப் பார்த்தால் விடாதீர்கள். கூடவே போய் உட்காருங்கள். அறுவை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.