வாசகர் கேள்வி – பதில்: கைக்குள் அடங்கும் பாதுகாப்புக் கருவியில் எதை வாங்குவது?

கேள்வி: மதிப்பிற்குரிய அக்காவுக்கு, நான் மட்டக்களப்பு நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை செய்கிறேன். கடை பூட்டியபின் பஸ் ஏறிப் படுவான்கரைக்கு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிடும். சந்தியிலிருந்து வீட்டுக்குத் துவிச்சக்கரவண்டியில் போகும் வழியில் கொஞ்சத் தூரம் இருபக்கமும் வயல்தான். திறப்புக்கோர்வையில் கொழுவும் சிறிய அலாரங்களை இணையத்தில் பார்த்தேன். ஒன்று 130 டெசிபல், இன்னொன்று 140 டெசிபல் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கை, அந்த இரண்டு எண்களையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சொல்லாத டெசிபல் கணக்கினால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. இத்தகைய கருவிகளின் ஒலியை, அது வெளிவரும் துளைக்கு மிக அருகில், சில சென்டிமீற்றர் தூரத்தில் அளந்துவிட்டு, கிடைத்த பெரிய எண்ணைப் பெட்டியில் அச்சடிப்பது வழக்கம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆகவே 10 சென்டிமீற்றரில் 120 டெசிபலாக இருக்கும் ஓசை 1 மீற்றரில் 100 ஆகவும், 10 மீற்றரில் 80 ஆகவும், 100 மீற்றரில் 60 ஆகவும் தேய்ந்துவிடும். 60 டெசிபல் என்பது இருவர் எதிரெதிரே இருந்து பேசும் அளவுதான். மழைக்காலத்தில் தவளைச் சத்தம் நிறைந்த வயலுக்கு அப்பால், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் இருப்பவருக்கு அது கேட்கும் என்று நம்பிவிடக் கூடாது.

எனவே ஒரு கருவியை வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அதன் ஓசை யாருடைய காதில் விழும் என்பதே. நகரத்துப் பஸ் நிலையம், கல்லடிப் பாலம், வீடுகள் நெருங்கிய ஒழுங்கை போன்ற இடங்களில் அலாரம் மிகவும் பயன்படும். அது நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கெட்ட எண்ணத்தோடு வருபவர் பெரும்பாலும் அஞ்சுவதும் அதற்குத்தான். வயல்வெளித் துண்டில் அலாரம் எதிராளியைத் திடுக்கிடச் செய்து உங்களுக்குச் சில வினாடிகளைத் தரலாம், ஆனால் உதவியை அழைத்துவராது. அந்த இடத்துக்கு உங்கள் கைத்தொலைபேசிதான் வேண்டும். அண்ட்ரொய்ட் தொலைபேசிகள் பலவற்றில், அமைப்புகளுக்குள் அவசர உதவிப் பகுதியைத் திறந்து ஒழுங்கு செய்து வைத்தால், பக்கத்திலுள்ள பவர் பொத்தானை ஐந்து முறை விரைவாக அழுத்தியதும் அவசர அழைப்பு போகும். நீங்கள் குறித்து வைத்த உறவினருக்கு நீங்கள் நிற்கும் இடமும் போய்ச் சேரும். ஐபோனிலும் இத்தகைய வசதி உண்டு. அழைக்கும் எண் பொலிஸ் அவசர எண்ணான 119 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி போவதற்குக் கணக்கில் மீதிப் பணம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ரீலோட் முடிந்த தொலைபேசியில் இந்த ஏற்பாடு பாதியிலேயே நின்றுவிடும்.

அலாரமும் வாங்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்வதைவிட, கயிற்றை இழுத்தால் முளை கழன்று ஒலிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முளையைத் திரும்பச் செருகும்வரை அது ஓயாது. எதிராளி பறித்து எறிந்தாலும் கிடந்த இடத்தில் கத்திக்கொண்டே இருக்கும். நேரில் வாங்க முடிந்தால், கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் இழுத்துப் பாருங்கள், ஆனால் காதருகே வைத்து இழுக்க வேண்டாம். பஸ் நெரிசலில் தானாகக் கழன்றுவிடும் அளவுக்கு முளை தளர்ந்திருக்கவும் கூடாது, வியர்த்த விரலுக்கு வழுக்கும் அளவுக்கு இறுகியிருக்கவும் கூடாது. பிறகு பற்றரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் சிறிய பற்றரிகள் மூன்றோ நான்கோ அடுக்கியிருக்கும். அவற்றைத் தாங்கும் சுருள்கம்பி மெலிந்து சாய்ந்திருந்தால் அந்தக் கருவி வேண்டாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வேலை செய்யும் உங்களுக்கு உப்புக் காற்றுத்தான் பெரிய பகை. கம்பியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துவிட்டால், நல்ல பற்றரி இருந்தும் ஒலி எழாது. மாதத்துக்கு ஒரு தடவை, அயலவருக்குச் சொல்லிவிட்டு, வெளியே கையை நீட்டி ஒரு வினாடி இழுத்துப் பாருங்கள். கழற்றிய பழைய பற்றரியைச் சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளை அதை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் தொண்டையில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும்.

எங்கே கொழுவுவது என்பதும் முக்கியம். கைப்பையின் அடியில், திறப்போடும் சீப்போடும் கிடக்கும் அலாரத்தால் ஒரு பயனும் இல்லை. குறுக்காகப் போடும் பையின் பட்டியில், நெஞ்சுக்கு நேரே, இழுக்கும் கைக்கு எதிர்ப்பக்கமாகக் கொழுவுங்கள். வண்டியில் வெளிச்சத்துக்கு நல்ல டைனமோ லைட்டோ டோர்ச்சோ பொருத்துங்கள். நீங்கள் பஸ்ஸால் இறங்கும் நேரம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். தம்பியோ அப்பாவோ சந்திக்கு வர முடிந்த நாட்களில் வரச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: படுவான்கரையில் யானை இறங்கும் வழியாக இருந்தால், அலாரத்தை அதற்குப் பயன்படுத்த நினைக்கவே வேண்டாம். மருண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

கேள்வி: எனது மகள் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பஸ்ஸில் சிலர் தொந்தரவு தருவதாகச் சொன்னாள். மிளகு ஸ்பிரே ஒன்று தருவித்துக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் பஸ்ஸுக்குள் பயன்படுத்துவதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த குப்பி. நெரிசலான பஸ்ஸில் அடித்தால் தவறு செய்தவரோடு சேர்ந்து பக்கத்தில் இருக்கும் கைக்குழந்தையும் இழுப்பு நோயாளியும் உங்கள் மகளும் மூச்சுத் திணறுவார்கள். வெளியிலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில், காற்றுக்கு எதிரே நின்று அடித்தால் அடித்தவர் முகத்திலேயே திரும்பி வரும். குப்பியின் அழுத்தம் காலப்போக்கில் குறைந்துவிடும் என்பதால் அதற்குக் காலாவதித் திகதியும் உண்டு. வாங்கியே தீர வேண்டுமானால், வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன் பொலிஸ் நிலையத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

பஸ்ஸில் மகளுக்கு உதவுவது அவளுடைய குரலும் ஒரு சிறிய விசிலும்தான். உள்ளே குண்டுமணி இல்லாத பிளாஸ்டிக் விசில் நனைந்தாலும் ஒலிக்கும், பற்றரியும் தேவையில்லை. "கையை எடுங்கள்" என்று உரத்துச் சொல்லிவிட்டு நடத்துனரிடம் முறையிடச் சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். பஸ்ஸின் இலக்கம், நேரம், இடம் ஆகிய மூன்றையும் உடனே குறித்து வைத்தால் முறைப்பாட்டுக்கு வலு இருக்கும். பெண்களுக்கான உதவி எண் 1938. தொந்தரவுக்குக் காரணம் அவளுடைய உடையோ நேரமோ அல்ல என்பதை நீங்கள் உங்கள் வாயால் மகளுக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறையும் தயங்காமல் உங்களிடம் வந்து சொல்வாள்.

கேள்வி: நான் தனியாக வாழ்பவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. விழுந்துவிட்டால் யாரையும் கூப்பிட முடியாதே என்ற பயம் இருக்கிறது. எனக்கும் இத்தகைய அலாரம் உதவுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

பதில்: ஐயா, உங்களுக்கு இழுக்கும் அலாரத்தைவிடக் கம்பியில்லா அழைப்புமணி பொருத்தம். கடைகளில் கதவுக்கென்று விற்கும் சாதாரண மணியே போதும். மணியை அயல்வீட்டுக்காரரின் குசினியில் செருகிவிட்டு, பொத்தானைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளிக்கானது. கொங்கிறீட் சுவர்கள் அதை வெகுவாகக் குறைக்கும். ஆகவே படுக்கை, கிணற்றடி, குளியலறை என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று அழுத்தி, அங்கே ஒலிக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். அயலவரிடம் வீட்டுத் திறப்பு ஒன்றையும், 1990 அம்புலன்ஸ் எண்ணையும், நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் கொடுத்து வையுங்கள். குளிக்கும்போது பொத்தானைக் கழற்றி வைக்காதீர்கள், வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். பொலித்தீன் உறையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் நனையாது.