வாசகர் கேள்வி பதில்: கெட்டி பேரனும் கணக்குப் பார்த்த தாத்தாவும்

கேள்வி: ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஆல் தி மணி இன் தி வேர்ல்டு’ படத்தை அண்மையில்தான் பார்த்தேன். உண்மைக் கடத்தலைத் தழுவியது என்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை? – வாசகி, மதுரை

பதில்: முக்கால்வாசி உண்மை, கற்பனை முழுவதையும் கடைசிக் கட்டத்தில் குவித்துவிட்டார்கள். 1973 ஜூலை 10 அதிகாலையில், ரோம் நகரின் பியாட்சா பார்னேசே சதுக்கத்தில், அமெரிக்க எண்ணெய்க் கோடீசுவரர் ஜே. பால் கெட்டியின் பேரனான, 16 வயது மூன்றாம் ஜான் பால் கெட்டியைத் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மாஃபியாவினர் கடத்தினார்கள். அவர்கள் கேட்ட தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர். தன்னைத்தானே கடத்திக்கொண்டால் பணம் கறக்கலாம் என்று அந்தப் பையன் முன்பே வேடிக்கையாகப் பேசியிருந்ததால், இது நாடகம்தான் என்று பலரும் முதலில் சந்தேகித்தார்கள். கடத்தல்காரர்கள் அறுத்த பையனின் காது ரோம் நாளிதழ் ஒன்றின் அலுவலகத்துக்குத் தபாலில் வந்ததும், இத்தாலியத் தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் அது வாரக்கணக்கில் தாமதமானதும் உண்மை. அவ்வளவு பெரிய கோடீசுவரரான தாத்தா தம் வீட்டுக்கு வரும் விருந்தினர்களுக்காகக் காசு போட்டுப் பேசும் தொலைபேசியை வைத்திருந்ததுகூட உண்மைதான்.

ஆனால், பேரன் தப்பியோடுவதும், அவனைத் தேடி ஊரெங்கும் நடக்கும் துரத்தலும், அதே இரவில் தாத்தா உயிர்விடுவதும் திரைக்கதையில் பிறந்தவை. பணம் கிடைத்த பிறகு, 1973 டிசம்பர் 15 அன்று, தெற்கு இத்தாலியின் லௌரியாவுக்கு அருகே பையன் விடுவிக்கப்பட்டான். தாத்தா இறந்தது 1976 ஜூனில், அதாவது இரண்டரை ஆண்டுகள் கழித்து. நன்றி சொல்லப் பேரன் தொலைபேசியில் அழைத்தபோது அவர் பேச வரவில்லை என்று சொல்லப்படுகிறது. கஞ்சனுக்கு உடனே மரண தண்டனை வழங்கிப் படம் நம்மை ஆறுதலாக வீட்டுக்கு அனுப்புகிறது. உண்மை அந்த ஆறுதலைத் தரவில்லை என்பதால், உண்மையே வலுவான முடிவாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: பணம் கொடுத்தால் கடத்தல்தானே பெருகும்? கிழவர் மறுத்ததில் என்ன தவறு? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு காசு கொடுத்தாலும் மற்ற 14 பேரப்பிள்ளைகளும் கடத்தப்படுவார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பணத்துக்காக ஆள்கடத்துவது இத்தாலியில் ஒரு தொழிலாகவே வளர்ந்ததால், கடத்தப்பட்டவரின் குடும்பச் சொத்துகளை முடக்கும் சட்டத்தை அந்நாடு 1991இல் கொண்டுவந்தது. ஆனால் கொள்கைக்காக மறுத்தவர் கடைசிவரை மறுத்திருக்க வேண்டும். காது வந்த பிறகு பேரம் ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு இறங்கியபோது, வருமானவரியில் கழித்துக்கொள்ளத்தக்க உச்சவரம்பு என்று கணக்கர்கள் சொன்ன 22 லட்சத்தை மட்டும் அவர் கொடுத்தார். மீதியைப் பையனின் தந்தையான தம் மகனுக்கு 4 சதவீத வட்டிக்குக் கடனாகத் தந்தார். பெற்ற மகனிடம் வட்டி வாங்கியவரின் வாயில் கொள்கை என்ற சொல் எனக்கு எடுபடவில்லை.

கேள்வி: தாத்தா வேடத்தில் முதலில் வேறொருவர் நடித்தாராமே? – வாசகர், கோவை

பதில்: ஆம், கெவின் ஸ்பேசி. அவர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்ததும், 2017 நவம்பரில் கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து அக்காட்சிகளைத் திரும்ப எடுத்து, டிசம்பர் 25 அன்றே அமெரிக்காவில் படத்தை வெளியிட்டார்கள். அதற்காக 88 வயதில் பிளம்மர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த மறுபடப்பிடிப்புக்கு மார்க் வால்பெர்க் 15 லட்சம் டாலர் பெற்றதும், தாயாக நடித்த மிஷேல் வில்லியம்ஸ் ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே பெற்றதும் பின்னர் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. பணத்தாசையைப் பற்றிய படத்துக்கு இப்படியொரு பின்கதை!

கேள்வி: விடுதலையான பையன் என்ன ஆனான்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: 1981இல் போதைப்பொருளாலும் மதுவாலும் பக்கவாதம் தாக்கி, உடல் செயலிழந்து, பார்வையையும் பெரும்பாலும் இழந்தார். தாய்தான் பராமரித்தார். மருத்துவச் செலவுக்காகத் தந்தை மீது வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2011இல், 54ஆம் வயதில் காலமானார்.

கேள்வி: பிள்ளைகளுடன் பார்க்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். காதை அறுக்கும் காட்சியை மறைக்காமலே காட்டியிருக்கிறார்கள்.