ராத்திரி ரோந்தில் என் முகத்தைப் படம் பிடித்தார்கள். அதை அழிக்கச் சொல்ல முடியுமா?

கேள்வி: உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கடைசி ஆர்டரை முடித்துவிட்டு வீடு திரும்பும்போது வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் காட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, ஒரு போலீஸ்காரர் செல்போனில் என் முகத்தைப் படம் எடுத்தார். "மேட்ச் காட்டுது, ஸ்டேஷனுக்கு வா" என்றார். அங்கே பெஞ்சில் உட்கார வைத்து, நாலு மணிக்கு மேல் "அவன் வேற ஆளுப்பா, கிளம்பு" என்று அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறேன். அதில் இது பாதிக்குமா? என் படத்தை அழிக்கச் சொல்ல முடியுமா?

பதில்: பாஸ்போர்ட் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆரே இல்லாதபோது, விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதுவது பொய் ஆகாது. கையெழுத்து வாங்கவில்லை என்றீர்களே, இந்த ஒரு விஷயத்தில் அது உங்களுக்கு நல்லது. மற்ற எல்லாவற்றிலும் அதுதான் சிக்கல்: அன்று நடந்ததற்கு உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்தச் செல்போனில் இருந்தது முக அடையாள மென்பொருள். கண்ணுக்கும் மூக்குக்கும் தாடைக்கும் உள்ள இடைவெளிகளை எண்களாக்கி, போலீஸ் கைவசமுள்ள படங்களோடு ஒப்பிடும். அது சொல்வது "இவர்தான்" என்று அல்ல, "இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது" என்றுதான். டெல்லி போலீஸ் 2022-இல் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேள்வி ஒன்றுக்கான பதிலில், 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒத்துப்போவதால் மட்டும் அதே ஆள் என்று ஆகிவிடாது. அந்த இடைவெளியில்தான் உங்களைப் போன்றவர்கள் போய் உட்கார வேண்டியிருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சம், ஹெல்மெட்டில் நசுங்கிய தலைமுடி, வேலை முடிந்த களைப்பு. இதில் சொந்த அண்ணனுக்கே சந்தேகம் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? போலீஸ் யாரை "அளவெடுக்கலாம்" என்பதற்கு 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் இருக்கிறது. கைரேகையோடு புகைப்படமும் அதில் அடக்கம். தண்டிக்கப்பட்டவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர், கைதானவர் அல்லது தடுப்புக்காவலில் இருப்பவர், இவர்களைத் தவிர வேறு யாரிடமாவது எடுக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். எடுத்த பதிவை 75 வருடம் வைத்திருக்கலாம் என்கிற அதே சட்டம், முன்தண்டனை இல்லாத ஒருவர் நீதிமன்ற விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ பதிவை அழிக்கவும் சொல்கிறது. நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவு போட்டால்தான் விலக்கு. கைதாகி வெளியே வந்தவருக்கே அழிப்பு உண்டு என்றால், கைதே ஆகாத உங்களுக்கு ஏன் இல்லை? இதைத்தான் மனுவின் முதுகெலும்பாக வைக்கச் சொல்வேன்.

எதிர்த்தரப்பு என்ன வாதாடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பொது இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?" என்பார்கள். முக அடையாள மென்பொருளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்காது. குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் அதில் பெரிய விலக்கு இருக்கிறது. ஆக, நாம் நிற்க வேண்டிய இடம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அளவுக்கு மீறக் கூடாது. உங்கள் விஷயத்தில் முதல் படியே ஆடுகிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு போன் ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை இதே அடிப்படையில் ரத்து செய்தது. முகப் படம் விவகாரத்திலும் நீங்கள் முதல் ஆள் இல்லை. ஐதராபாத்தில் எஸ்.க்யூ. மசூத் என்ற சமூக ஆர்வலரை 2021-இல் தெருவில் நிறுத்தி, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்.

என்னைக் கேட்டால், படத்தைவிட அந்த பெஞ்ச்தான் உங்கள் வழக்கில் வலுவான பகுதி. "விசாரணைக்குத்தானே கூட்டிட்டுப் போனோம்" என்பது போலீஸ் பாஷை. சட்டத்தில், விசாரணைக்கு ஆஜராகச் சொல்வதென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 179-ஆவது பிரிவின்படி எழுத்துமூலம் சொல்ல வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பெஞ்ச் என்று ஒன்று இல்லை.

இப்போது காகிதத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்: தேதி, நேரம், இடம், நடந்தது, எந்தச் சட்டத்தின் கீழ் படம் எடுத்தீர்கள், அது எங்கே இருக்கிறது, அழித்துவிட்டு எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்.டி.ஐ. மனு. அதில் "ஏன் எடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விக்கெல்லாம் பதில் வராது. நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொது நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் நகல், அந்த மென்பொருளைப் பயன்படுத்த அனுமதித்த அரசாணை, வழிகாட்டு நெறிமுறை என்று ஆவணமாகக் கேளுங்கள்.

கடிதத்தில் மறக்காமல் ஒரு வரி: "அன்றிரவு நிலையத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கவும்." எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கேட்காவிட்டால் கேமரா ரிப்பேர் என்று பதில் வரும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எதற்கும் பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் ஃபீஸ் கட்ட வழியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து, இலவச சட்ட உதவிக்கு நீங்கள் தகுதியானவரா என்று கேளுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. உங்கள் டெலிவரி ஆப்பில் அன்றைய கடைசி ஆர்டர் முடிந்த நேரமும் இடமும் இருக்கும். போனில் லொகேஷன் ஹிஸ்டரி ஆன் ஆகியிருந்தால், நாலு மணி வரை எங்கே இருந்தீர்கள் என்பதும் அதில் இருக்கும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அந்தப் போனை வழக்கு முடியும்வரை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம்.