பூமர் தாத்தாவும் அமெரிக்கக் கோதுமையும்

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டில் மாமனார் (72), கணவர், மகள் (22). மாமனார் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். பார்சலில் வரும் ரப்பர் பேண்டுகள்கூட பூஜையறைக் கதவின் கைப்பிடியில் பத்திரமாக இருக்கும். ஒரு மூட்டை அரிசி தீரும் முன்பே அடுத்த மூட்டை வந்து இறங்கிவிட வேண்டும். மகளோ இன்ஜினியரிங் முடித்துச் சேர்ந்த முதல் வேலையை நான்கே மாதத்தில் விட்டுவிட்டு வந்து, வாரத்தில் மூன்று நாள் ஆன்லைனில் பிரியாணி வரவழைக்கிறாள். அரை மார்க்கில் இன்ஜினியரிங் சீட்டைத் தவறவிட்டவள் நான். அந்த அருமை இவளுக்குத் தெரியவில்லை. போன வாரம் முந்தாநாள் வைத்த சாம்பாரை அவள் சிங்க்கில் கொட்டிவிட, மாமனார் அன்று இரவு சாப்பிடவே இல்லை. “பூமர் மாதிரி பண்ணாதீங்க தாத்தா” என்று இவள், “35 வருஷம் ஒரே ஆபீஸ்ல இருந்தவன் நான்” என்று அவர். யாரைத் திருத்துவது? (பின்குறிப்பு: அரிசியில் வண்டு வருகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.)
– திருச்சி வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த ‘பூமர்’ என்கிற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். என் தங்கை மகனும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு கண் உண்டு. அது அமெரிக்கச் சரக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை அங்கே சரமாரியாகப் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர். அவர்கள் வளர்ந்த காலத்தில் அந்த நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. சாதாரண சம்பளக்காரர்கூடப் புறநகரில் ஒரு வீடும் வாசலில் ஒரு காரும் என்று இருக்க முடிந்தது.

உங்கள் மாமனார் 1953 வாக்கில் பிறந்திருப்பார். கணக்குப்படி பூமர்தான். ஆனால் அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆனபோது இங்கே என்ன நடந்தது? 1965, 1966 என்று அடுத்தடுத்து மழை பொய்த்தது. நடுவில் பாகிஸ்தானோடு போர். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். பி.எல். 480 என்ற திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அந்த ஊர் பூமர் தின்று மீந்த கோதுமைதான் இந்த ஊர் பூமரின் தட்டுக்கு வந்தது என்று சொன்னால் கொஞ்சம் குரூரமாக இருக்கும், ஆனால் பொய்யில்லை. 1967 தேர்தலில் தி.மு.க.வின் முழக்கமே ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்பதுதான். அந்தத் தேர்தலுக்குப் பின்னால் இந்தி எதிர்ப்பும் இருந்தது, வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அரிசியை விட்டுவிட்டு அதைப் பேச முடியாது.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். பிடியரிசி. மாசக் கடைசியில் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கலயம்தான். அப்புறம் காலம் மாறியது, நான் சம்பாதித்தேன், கேஸ் அடுப்பு வந்தது, குக்கர் வந்தது. ஆழாக்கு போய் குக்கருக்குள்ளேயே கோடு போட்டு அளக்கிற காலம் வந்தும், அம்மா அந்த ஒரு பிடியை எடுத்துக்கொண்டேதான் இருந்தார். “எதுக்கும்மா?” என்றால் பதில் வராது. கைக்கு அது பழகிவிட்டது. உங்கள் வீட்டு இரண்டாவது மூட்டை இருக்கிறதே, அதுதான் எங்கள் வீட்டுக் கலயம்.

(என்னிடமும் இப்படி ஒன்று உண்டு. வெளியூர்க்காரரோடு போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும். மூன்று நிமிடத்துக்குள் கத்திச் சொல்லி முடித்தாக வேண்டிய ட்ரங்க் கால் காலத்து ஆள்.)

மகள் விஷயத்துக்கு வருவோம். 22 வயது என்றால் அவள் பிளஸ் டூ படித்தது 2020-21இல். கொரோனாவால் 2021 ஜனவரி வரை பள்ளிக்கூடக் கதவே திறக்கவில்லை. ஜூனில் பொதுத் தேர்வையே ரத்து செய்தார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறைத் தேர்விலும் உள் மதிப்பீட்டிலுமாக 30 என்று ஒட்டுப்போட்டு மார்க் கொடுத்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன புரிந்திருக்கும்? பெரியவர்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லும் ‘பொதுத் தேர்வு’ ஒரு அறிவிப்பில் காணாமல் போகும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் நாளைக்கு இல்லாமல் போகலாம். இவ்வளவும் பார்த்தவள், பிடிக்காத வேலையில் 35 வருடம் இருப்பதைத் தவமாக நினைக்க மாட்டாள்.

சரி. நீங்கள் இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு மூன்று பேர் தெரிகிறார்கள்.

அந்த அரை மார்க் இருக்கிறதே, கடிதத்தில் ஒரே ஒரு வரியில் போகிறது, ஆனால் எனக்கு அதுதான் உரக்கக் கேட்டது. நீங்கள் பிளஸ் டூ முடித்தது 1996ஐ ஒட்டி இருக்கும். பிளஸ் டூ மார்க், நுழைவுத் தேர்வு மார்க், இரண்டையும் கூட்டி கட்-ஆஃப். தசம புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். 1991இல் பொருளாதாரத்தைத் தாராளமாக்கிய பிறகு கதவுகள் திறந்தன என்பது உண்மைதான். ஆனால் வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குத்தான் அது திறந்தது. 2000இல் சென்னை தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தபோது உங்களுக்கு 21 வயது. கூடப் படித்த சிலர் அந்த மாதிரிக் கட்டிடங்களுக்குள் நுழைந்ததை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். மகள் ராஜினாமா கொடுத்த அன்று உங்களுக்கு வந்த கோபத்தில் அவள் பங்கு எவ்வளவு, அந்த அரை மார்க்கின் பங்கு எவ்வளவு? எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிறந்த வருடத்தை வைத்து முழு ஜாதகம் சொல்லிவிட முடியாது. 1966இல் காவிரிக் கரையில் வயலும் பத்தாயமும் இருந்த வீட்டுப் பிள்ளைக்கும், ராமநாதபுரம் பக்கம் கண்மாய் வறண்ட ஊரில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வயதுதான்; பசி ஒன்றில்லை. 2020இலும் தனி அறையும் லேப்டாப்பும் இருந்த பிள்ளை உண்டு, அப்பா வேலையிலிருந்து வந்து போனைக் கொடுத்தால்தான் பாடம் என்றிருந்த பிள்ளையும் உண்டு. கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928இலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரே வருடத்தில் பிறந்தது மட்டும் போதாது, ஒரே அனுபவத்துக்குள் இருந்தால்தான் ஒரே தலைமுறை. அதனால் உங்கள் மாமனார் எந்த ஊரில், எந்த வீட்டில் வளர்ந்தார் என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. உங்கள் மகள் அவரிடமே கேட்கட்டும். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் அறிவுரைதான் வரும். “உங்க வீட்ல எந்தெந்த நாள்ல இட்லி சுடுவாங்க தாத்தா?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். இரண்டாவது மூட்டையை விட்டுவிடுங்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ரப்பர் பேண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சாம்பாரில் விட்டுக்கொடுக்காதீர்கள். பஞ்ச காலத்தில் வளர்ந்தவர் என்பதற்காக ஊசிப்போன குழம்புக்கு மரியாதை கிடையாது. 72 வயது வயிறு அதைத் தாங்காது. மீதி வரும் அளவுக்குச் சமைப்பதைக் குறையுங்கள். ஃப்ரிட்ஜில் எது எந்த நாளுடையது என்று பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். கொட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் அவராக இருந்தால், கொட்டியதற்காகப் பட்டினி கிடக்க மாட்டார்.

மகளிடம் தினமும் “அப்ளை பண்ணியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். எத்தனை மாதம் என்று அவளே ஒரு கெடு வைக்கட்டும். அதுவரை பிரியாணி அவள் சேமிப்பிலிருந்து வரட்டும். சேமிப்பு தீர்ந்தால் வீட்டுச் சாப்பாடு. வேலையை ஏன் விட்டாள் என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாதென்றால் முதலில் அதைக் கேளுங்கள். கேட்கும்போது அரை மார்க்கை எடுக்காதீர்கள்.

வண்டுக்கு: அரிசியை நிழலில் உலர்த்திப் புடைத்து, காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போட்டு, ஈரமில்லாத டிரம்மில் மூடி வையுங்கள். சுள்ளென்ற வெயிலில் காயப்போட்டால் அரிசி நொறுங்கும். இதையெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம், மாமனாரைக் கேட்டிருந்தால் வசம்பு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பது வரை சொல்லியிருப்பார்.