அறிவியல் சங்கத் தலைவர் தேர்தல்: வேட்பாளரின் அறிக்கையில் நான் எதைத் தேடுகிறேன்?

கேள்வி: ஓர் அறிவியல் சங்கத்துக்குத் தலைவராக நிற்பவரின் தொலைநோக்கு அறிக்கை எப்படி இருந்தால் நம்பி ஓட்டுப் போடலாம்?

நான் இயற்பியல் ஆசிரியன். அமெரிக்க இயற்பியல் சங்கத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது சேர்ந்தவன், இன்னும் சந்தா கட்டி வருகிறேன். ஆண்டுதோறும் தேர்தல் மின்னஞ்சல் வரும். முதல் சில ஆண்டுகள் பெயர் தெரிந்தவருக்குப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அறிக்கையை வரிவரியாகப் படிக்கிறேன். அதற்குக் காரணம் நம்மூர்ச் சிறிய சங்கம் ஒன்று. பெயர் வேண்டாம்.

என் பேராசிரியர் அதன் தலைவர் பதவிக்கு நின்றார். "தம்பி, ஒரு பக்கத்துக்குள்ள எழுதிக் கொடுப்பா, உனக்குத்தான் எழுத வரும்" என்று போன் செய்தார். உட்கார்ந்து எழுதினேன். பள்ளி மாணவர்களுக்குக் கோடை முகாம், பெண் ஆய்வாளர்களுக்கு விருது, தமிழில் ஓர் ஆய்விதழ், தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம் என்று ஏழு அம்சங்கள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. சார் ஜெயித்துவிட்டார்.

பொறுப்பேற்கிற அன்று நானும் கூடப் போனேன். சங்க அலுவலகம் என்பது ஒரு கல்லூரியின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை. உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஓர் இரும்பு பீரோ. பீரோ சாவி பழைய செயலாளரிடம் இருந்தது. அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது ஆயுள் உறுப்பினர் பேரேடு கிடைத்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சிலுவைக் குறி. இறந்தவர்களாம். குறி போடாதவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அனுப்பிய சுற்றறிக்கைகள் 'முகவரியில் இல்லை' என்று கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் செயலாளரும் பொருளாளரும். தலைவருக்கு அந்த வேலையே கிடையாது. இருந்த பணமும் வைப்புநிதியில் கிடந்தது, வட்டியை மட்டும்தான் தொடலாம். சாருக்கு இரண்டு ஆண்டுப் பதவி. பட்டியலைச் சரி செய்வதிலேயே ஒன்றரை ஆண்டு போய்விட்டது. கடைசிக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, "நாம எழுதின ஏழுல இந்தப் பட்டியல் இல்லையேப்பா" என்றார்.

அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது, வேட்பாளருக்குத் தன் நாற்காலியின் அளவு தெரிந்திருக்கிறதா என்பதைத்தான். அமெரிக்க இயற்பியல் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாங்கள் ஓட்டுப் போடுவது துணைத் தலைவருக்கு. அடுத்த ஆண்டு அவர் தலைவராகப் போகிறவர், மூன்றாம் ஆண்டு தலைவர், நான்காம் ஆண்டு முன்னாள் தலைவர். நான்கு ஆண்டு வரிசையில் தலைமை நாற்காலி ஒரே ஒரு ஆண்டுதான். அன்றாட நிர்வாகம் சம்பளத்துக்கு இருக்கும் தலைமைச் செயல் அலுவலர் கையில். ஆக, 'நான் தலைவரானதும் சங்கத்தையே மாற்றியமைப்பேன்' என்று எழுதுகிறவர் விதிமுறைகளைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்படியென்றால் ஓர் ஆண்டில் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன், எதிரியின் ஏவுகணைகளை வழியிலேயே தடுக்கும் கவசம் ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அந்த ஆண்டு சங்கத்தின் தலைவர் ராபர்ட் மார்ஷாக். லேசர் போன்ற கற்றை ஆயுதங்களால் இது நடக்கிற காரியமா என்று சங்கமே ஒரு குழு வைத்து ஆராய வேண்டும் என்ற முடிவு அவர் காலத்தில் எடுக்கப்பட்டது. அறிக்கை வந்தது 1987 ஏப்ரலில். அதற்குள் மார்ஷாக் பதவியை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. 'முடியும்' 'முடியாது' என்று குழு அவசரப்படவில்லை. முடியுமா என்று தீர்மானிப்பதற்கான அறிவைச் சேர்க்கவே இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ தீவிரமாக ஆராய வேண்டும் என்றது. வாஷிங்டனில் அது கிளப்பிய சத்தம் கொஞ்சமல்ல. குழுவின் இரண்டு தலைவர்களில் ஒருவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர், கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர். 1995இல் அவரே சங்கத்தின் தலைவரானார். அவருடைய தேர்தல் அறிக்கையை நான் படித்ததில்லை. படித்திருந்தாலும் அந்த 1987 வேலையைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. இந்திய அறிவியல் மாநாட்டுச் சங்கத்தின் முதல் மாநாடு 1914இல் கல்கத்தாவில் நடந்தது. அதைத் தொடங்க முன்நின்ற இருவரில் ஒருவரான சைமன்சன், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அங்கேயும் தலைவர் ஓர் ஆண்டுக்குத்தான். 1976இல் விசாகப்பட்டினத்தின் வால்டேரில் நடந்த மாநாட்டுக்கு எம்.எஸ். சுவாமிநாதன் தலைவர். நாட்டுக்குத் தேவையான ஒரு விஷயத்தை மையக் கருப்பொருளாக வைத்து எல்லாப் பிரிவுகளும் அதைப் பற்றிப் பேசுவது என்ற வழக்கம் அந்த ஆண்டுதான் வந்தது. அவருக்குப் பின் வந்தவர்களும் அதை விடவில்லை. ஒரே ஒரு மாற்றம், அதுவும் அடுத்தவர் தொடரக்கூடிய மாற்றம்.

சரி, அப்புறம் பணம். இதைத் தொடாமல் எழுதப்பட்ட அறிக்கையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். இந்த மாதிரிப் பெரிய சங்கங்கள் உறுப்பினர் சந்தாவில் மட்டும் ஓடுவதில்லை. ஆய்விதழ்களின் வருமானம்தான் பெரிய தூண். 'பிசிக்கல் ரிவ்யூ' 1893இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1913 முதல் சங்கத்தின் கையில் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகள் வெளியான அன்றே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வாசகனாக எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் நூலகங்கள் சந்தாவை நிறுத்தினால் மாணவர்களின் பயணச் செலவுக்கு எங்கிருந்து எடுப்பார்கள்? கட்டுரை எழுதுகிறவரே கட்டணம் கட்ட வேண்டுமென்றால் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எழுதுகிறவர் எப்படிக் கட்டுவார்? 'திறந்த அணுக்கத்தை ஆதரிக்கிறேன்', அதாவது கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும் என்று ஒரு வரி எழுதுவது சுலபம். இன்ன செலவைக் குறைப்பேன் என்று எழுதுகிறவரைத்தான் தேடுகிறேன். ரொம்ப அபூர்வம்.

பணம் அரசிடமிருந்து வந்தால் அது வேறு கதை. அறிவியல் மாநாட்டுச் சங்கத்துக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் நிதியை நிறுத்தியது. 2024 ஜனவரியில் மாநாடே நடக்கவில்லை.

அறிக்கையில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. 2020 மார்ச் 2 அன்று டென்வரில் அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் பெரிய மாநாடு தொடங்க இருந்தது, பத்தாயிரம் பேருக்கு மேல் வர வேண்டியது. கொரோனாவால் ரத்து என்ற அறிவிப்பு பிப்ரவரி 29 இரவு வந்தது. பலர் ஏற்கெனவே ஊருக்குள் வந்து அறை எடுத்துவிட்டார்கள். திட்டினவர்கள் நிறைய. பின்னால் நடந்ததைப் பார்த்தால் சரியான முடிவுதான். இப்படி ஓர் இரவில் கெட்ட பெயரை வாங்கிக்கொள்ளத் துணிகிறவரா என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அவரோடு வேலை பார்த்தவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். நான் விசாரிப்பேன்.

இந்த ஆண்டு நண்பர் ஒருவர் சார் இருந்த அதே சங்கத்துக்கு நிற்கிறார். அறிக்கை எழுதித் தரச் சொல்லி வந்தார். பட்டியலில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.