கடவுளை நம்புகிறவர் அரசுக்குப் பணிய வேண்டுமா?

கேள்வி: அரசே கூடாது என்கிற அனார்க்கிஸ்டுகள் எல்லாரும் நாத்திகர்கள்தானே? கடவுளை நம்புகிறவர் அரசுக்குப் பணிந்துதானே ஆக வேண்டும்?

பதில்: நாத்திகர்கள் அதிகம்தான். பக்கூனின் என்ற ரஷ்ய அனார்க்கிஸ்ட் கடவுளையும் அரசையும் ஒருசேர மறுத்தவர். ஆனால் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் எதிர்த்திசையிலிருந்து, கடவுள் நம்பிக்கையிலிருந்து, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தீமையை வன்முறையால் எதிர்க்காதே என்ற இயேசுவின் மலைப்பிரசங்கத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அப்படியானால் ராணுவம், சிறை, தூக்குமேடை எதையும் ஏற்க முடியாது. இவையின்றி எந்த அரசும் நிற்காது. எனக்கு மிகவும் உறைக்கிற வாதம் இது.

பைபிளும் ஒரே குரலில் பேசவில்லை. 'அதிகாரம் கடவுளால் வந்தது' என்கிறார் பவுல் (ரோமர் 13). மன்னர்களுக்கு மிகவும் பிடித்த வசனம்! அவர்கள் சாமுவேல் முதல் புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தை வாசித்தார்களா, தெரியாது. ராஜா வேண்டும் என்று இஸ்ரவேல் ஜனங்கள் கேட்க, தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரிக்கிறார்: உங்கள் பிள்ளைகளைத் தேரோட்ட இழுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு எடுப்பான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை.

நம் அப்பரைப் பாருங்கள். பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது, 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று பாடி மறுத்தார் என்கிறது மரபு. அவருக்கு அந்தத் துணிவைத் தந்ததே பக்திதான்.

அரசே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பலமற்றவரைப் பலசாலியிடமிருந்து காக்க ஒரு பொது அமைப்பு வேண்டும். அந்த வேலையைச் செய்கிற வரைக்கும்தான் அதற்கு என் பணிவு. மனசாட்சிக்கு விரோதமான உத்தரவு வந்தால், ஆத்திகரும் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.