வாசகர் கேள்வி – பதில்: துருவேறிய டீசல் டேங்க் போல்ட்

கேள்வி: கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றும் பழைய மினி லாரி. டீசல் டேங்கைப் பிடித்திருக்கும் இரண்டு பட்டைகளில் முன்பட்டையின் போல்ட் முறிந்துவிட்டது. பின்பட்டையின் நட் துருவேறி உருண்டுபோய் ஸ்பேனர் வழுக்குகிறது. கேஸ் வைத்துச் சூடாக்கினால் கழன்றுவிடும் என்கிறார்கள். முறிந்ததை மட்டும் மாற்றினால் போதுமா?
— கேத்தி வாசகர்

பதில்: கேஸ் வேண்டவே வேண்டாம். கிரைண்டரும் கூடாது. டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்ற தைரியத்தில்தான் பலர் டேங்க் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகிறார்கள். டீசலைச் சூடாக்கினால் அதுவும் ஆவியாகும். அந்த ஆவி பற்றும். டேங்கைக் காலி செய்துவிட்டோமே என்பதும் பாதுகாப்பல்ல. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் அடியில் ஒட்டிய டீசலும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. சூடு பட்டால் வெடிப்பதற்கு வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றுவதும் சரியல்ல. இரண்டு போல்ட்டும் ஒரே சேற்றில், ஒரே ஈரத்தில் கிடந்தவை. ஒன்று முறிந்தால் மற்றதும் அதே நிலையில்தான் இருக்கும். 60 லிட்டர் டீசல் ஏறத்தாழ 50 கிலோ. பர்லியாறு பக்கத்துக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த எடை ஒரு பக்கமாக மோதுகிறது, பிரேக் போட்டால் முன்னால் மோதுகிறது. புது போல்ட் ஒரு பக்கமும் அரித்த போல்ட் மறுபக்கமும் இருந்தால், பழையது முறியும் நாளில் மொத்தச் சுமையும் ஒரே பட்டையில் விழும். நட், வாஷர், ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேலைக்கு முந்தின நாளே டீசல் கால் டேங்குக்குக் குறைவாக இருக்கும்படி ஓட்டிவிடுங்கள்; மிச்சத்தை மூடியுள்ள கேனில் இறக்குங்கள். மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் சரிவில் இந்த வேலை வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின், சைலன்சர் ஆறட்டும்.

பல லாரிகளில் டேங்க் எல் வடிவ பிராக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், பட்டை அதை அணைத்துப் பிடிக்கும். சில வண்டிகளில் எடை முழுவதையும் பட்டையே தாங்கும். உங்களுடையது எதுவானாலும் போல்ட்டைத் தொடுமுன் டேங்கின் அடியில் அகலமான பலகை வைத்து, ஜாக்கியால் லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் தாங்குங்கள். பலகை இல்லாமல் ஜாக்கித் தலையை நேராக வைத்தால் தகடு உள்வாங்கும். போல்ட் முறிந்த பட்டை இருந்த இடத்தில், சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் ஒன்றைச் சேஸிஸோடு சுற்றி இறுக்கிய பிறகே அடுத்த பட்டையில் கை வைக்க வேண்டும்.

இனி அந்த உருண்ட நட். வெளியே நீண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிட்டுத் துரு இளக்கும் ஸ்பிரேயை அடியுங்கள். சேறு மேல் அடித்தால் சேறுதான் நனையும். சாயங்காலம் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை. பிறகு ஆறு முகமும் முழுதாகக் கவ்வும் பாக்ஸ் ஸ்பேனரால் முதலில் நூலளவு இறுக்கித் துருவின் பிடியை உடைத்து, அதன்பின் தளர்த்துங்கள். கால் சுற்று தளர்ந்ததும் மறுபடி ஸ்பிரே, திரும்ப இறுக்கு, திரும்பத் தளர்த்து. ஒரே மூச்சில் திருகினால் மரைக்கு நடுவில் துருப்பொடி அடைத்து மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் அசையாவிட்டால் நட் பிளக்கும் கருவியே சரி. அது கிடைக்காவிட்டால் ஆக்ஸா பிளேடால் நட்டின் ஒரு பக்கத்தை, போல்ட்டுக்கு இணையாக, எண்ணெய் விட்டு மெதுவாக அறுங்கள். அறுபட்டதும் உளியால் ஒரு தட்டு, நட் விரிந்துவிடும். எப்படியும் அந்தப் போல்ட் குப்பைக்குத்தான், மரையைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். டேங்க் தகட்டுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு மட்டும் இருக்கட்டும்.

பட்டை கழன்றதும் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். போல்ட் அரித்ததன் காரணம் அங்கேதான் இருக்கும். கழுவிய கேரட்டிலிருந்து வழியும் தண்ணீரும் சேறும் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் தங்கி, வெயில் அடித்தாலும் காய்வதில்லை. திரும்பும்போது உர மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம்: பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பு, மூட்டையிலிருந்து சிந்தி ஈரத்தில் கரைந்தால் கடற்கரைக் காற்று போலவே இரும்பைத் தின்னும். பட்டையின் மடிந்த முனையைச் சுத்தியலால் தட்டுங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலோ, போல்ட் நுழையும் துளை நீளவாக்கில் இழுபட்டிருந்தாலோ பட்டையையே மாற்றுங்கள். டேங்கின் தகட்டில் பட்டை படிந்திருந்த கோட்டையும் விரலால் தடவிப் பாருங்கள்; டீசல் கசிவு பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கும்.

கேள்வி: புது போல்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டெயின்லெஸ் போட்டால் துருப்பிடிக்காதே? கடையில் முழு மரை ராடை வெட்டித் தருகிறார்கள், போடலாமா?
— கூடலூர் வாசகர்

பதில்: முழு மரை ராட் வேண்டாம். ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது மென்மையான இரும்பு. ஆட்டத்தில் நீண்டு, நட்டுக்கு உள்ளே நுழையும் முதல் மரையில் முறியும். தலையில் 8.8 என்று (அது வலுவைக் குறிக்கும் எண்) பொறித்த, துத்தநாகப் பூச்சுள்ள போல்ட் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் ரகம் 8.8 அளவுக்கு வலுவில்லை. அதோடு ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் இறுக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அளவில் கவனம் தேவை. 10 எம்.எம். போல்ட்டும் 3/8 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். 3/8 என்பது 9.5 எம்.எம். மிகப் பழைய வண்டிகளில் அங்குல மரை இருக்கலாம். வெர்னியரில் அளந்து, நட்டைக் கையாலேயே ஐந்தாறு சுற்று ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் மரை வேறு. ஸ்பேனர் போட்டுத் திணிக்காதீர்கள்.

மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவி, தடிமனான வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்) போடுங்கள். நைலாக் இல்லாவிட்டால் இரண்டு நட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டுங்கள். கிரீஸ் இருக்கும்போது அதே பலத்துக்குப் போல்ட் கூடுதலாக இறுகும் என்பதால் கை கொஞ்சம் அடங்க வேண்டும். பட்டைக்கு அடியில் டீசலைத் தாங்கும் 3 எம்.எம். நைட்ரைல் ரப்பர் வையுங்கள். பழைய டியூபை வெட்டி வைப்பது நம் பட்டறைகளில் வழக்கம். டீசல் பட்டால் அது உப்பிக் கூழாகிவிடும். கோணித்துணி, ஃபெல்ட் இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டு பட்டையையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ரப்பர் அமுங்கி, பட்டையைக் கையால் நகர்த்த முடியாத நிலையில் நிறுத்துங்கள். வண்டியின் கையேட்டில் இறுக்க அளவு இருந்தால் அதுவே முடிவு. அதற்கு மேல் போனால் தகடு நசுங்கி மூலையில் விரிசல் விடும். ரப்பர் படிந்து தளர்வதால் முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500இல் ஒரு முறை மறுபடி பாருங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் நடுவழியில் பட்டை அறுந்தால் பட்டறை வரை எப்படிப் போவது?
— கோத்தகிரி வாசகர்

பதில்: சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டு வண்டியில் இருக்கட்டும். டேங்கைச் சுற்றிச் சேஸிஸோடு இறுக்கி, பெல்ட் சைலன்சரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், அது தகட்டை அறுக்கும். கிளம்புமுன் டீசல் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் பாருங்கள். டேங்க் நகர்ந்திருந்தால் குழாய் இணைப்பு விரிந்து காற்று இழுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் திணறி நிற்பது அதனால்தான். சொட்டினால் வண்டியை எடுக்காதீர்கள். வளைவில் சிந்திய டீசலில் பின்னால் வரும் இருசக்கர வண்டி சறுக்கி விழும். சிந்திய இடத்தில் மண்ணைத் தூவி மூடிவிட்டு, மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.